சிறைக்கு எழுதும் கடிதங்கள்: வரும் ஞாயிறு கூடுகிறோம்

அனைவருக்கும் வணக்கம்.

வேலூர் தொரப்பாடி மத்திய சிறையில் கவிதை எழுதுகிறவர்களுக்கு நம் அடுத்த கட்டுக் கடிதங்கள் போக வேண்டும். போன முறை வந்த கவிதைகளில் ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. மனு பார்க்க, அதாவது சிறையில் இருப்பவரைச் சந்திக்க, வந்த அம்மா கட்டியிருந்த புடவையின் நிறம், அதைப் பற்றியே முழுக் கவிதையும். அதை எழுதியவருக்குக் கட்டாயம் பதில் போட வேண்டும். ராஜாஜி 1921-22இல் இதே சிறையில் இருந்தபோது நாட்குறிப்பு எழுதியவர். இங்கே எழுத்து புதிதல்ல.

நாள்: வரும் ஞாயிறு, மாலை 4 மணி
இடம்: கோட்டைப் பக்கம், பெரியார் பூங்கா

1. கையால் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்.
2. கவிதையில் உங்களுக்குப் பிடித்த வரியை எடுத்துச் சொல்லுங்கள். வெறும் 'அருமை' வேண்டாம், எழுதியவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.
3. என்ன வழக்கு, எத்தனை வருடம் என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் சரி.
4. வீட்டு முகவரி, போன் நம்பர் எழுத வேண்டாம்.
5. சிறை அதிகாரிகள் படித்த பிறகே கடிதம் உள்ளே போகும். உறையை ஒட்டாமல் கொண்டுவாருங்கள்.

வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே 'வருகிறேன்' என்று போடுங்கள். வர முடியாதவர்கள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், கடிதத்தை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.