ரெண்டு பேருக்கு மோலே செய்ய முடியாது கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதை எழுதியே அனுப்புகிறேன். வாயால் சொன்னால் பாதிதான் உன் காதில் விழும், மீதியை நீயாகவே இட்டுக்கட்டிக்கொள்வாய். சிகாகோவில் தனியாகக் கிடக்கிற பிள்ளைக்கு ரசம் ஞாபகம் வரும், அரிசிம்பருப்புச் சோறு ஞாபகம் வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, நீ என்னடா என்றால் "பக்கத்து வீட்டு தோஞா செய்வாங்களே, அந்தச் சிவப்பு மோலே குழம்பு எப்படிம்மா" என்கிறாய். அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எனக்கு ஒன்றுமில்லை. நாலு வயதில் இந்த மெக்சிகோ புவேப்லாவுக்கு வந்தவன் நீ, உன் நாக்கு இந்த ஊர் நாக்கு.

இந்த ஊர் மோலே என்றால் முலாட்டோ மிளகாய் போட்டுக் கறுப்பாக, கொஞ்சம் இனிப்பாக இருக்கும். தோஞா பக்கத்து மாநிலமான த்லஸ்காலாக்காரர், அவர் செய்வது சிவப்பு. அதற்குக் குவாஹியோ மிளகாய்தான் முக்கியம். காய்ந்த மிளகாயில் குவாஹியோ பத்து, ஆஞ்சோ ஐந்து, பசீயா இரண்டு வாங்கிக்கொள். உன் சிகாகோவிலேயே பில்சன் பக்கம் மெக்சிகோ கடைகளில் எல்லாம் கிடைக்கும். கையில் வளைகிற மிளகாயாகப் பார்த்து எடு, தொட்டதும் உடைந்தால் பழசு. பட்டையும் அங்கேயே "கனேலா" என்று கேட்டு வாங்கு. அது இலங்கைப் பட்டை, சுருட்டுச் சுருட்டாக, விரலால் அழுத்தினால் நொறுங்கும். சூப்பர் மார்க்கெட்டில் இருக்கிற கட்டைப் பட்டை வேண்டாம், அது அரைபடவே படாது.

மிளகாயை ஈரத்துணியால் துடைத்து, காம்பு, விதை, உள்ளே இருக்கிற நரம்பு எல்லாம் எடுத்துவிடு. அப்புறம் கண்ணைத் தேய்த்துக்கொண்டு எனக்குப் போன் பண்ணாதே, கையுறை போட்டுக்கொள்.

இனி வறுப்பது. இங்கேதான் நான் மண்ணைக் கவ்வினேன். நாம் வந்து இரண்டாவது வருஷம், தோஞா எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போனார். வரமிளகாய் வறுக்க எனக்குத் தெரியாதா என்ற திமிர் எனக்கு. நம் வீட்டில் குழம்புக்கு வறுக்கிற மாதிரி, நிறம் நன்றாக இறங்கட்டும் என்று நின்றேன். வீடு முழுக்க நெடி, நீயும் அப்பாவும் இருமிக்கொண்டு தெருவில் நின்றீர்கள். தோஞா வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, ஜன்னலைத் திறந்தார், மிளகாய் மொத்தத்தையும் குப்பையில் கொட்டினார், தன் வீட்டிலிருந்து வேறு மிளகாய் கொண்டுவந்து உட்கார்ந்து காம்பு கிள்ள ஆரம்பித்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே ஒரு மிளகாய் கருகினாலும் முழுச் சட்டியும் கசக்கும், எத்தனை சர்க்கரை போட்டாலும் போகாது. அதனால் எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கட்டும், ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகப் போடு, குவாஹியோவின் தோல் மெல்லிசு, சில நொடிதான். லேசாக உப்பி, வாசம் கிளம்பியதும் எடுத்துவிடு. எடுத்ததை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவை. ஊறிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பார், கசந்தால் கொட்டிவிட்டுக் கோழி வேகவைத்த தண்ணீரிலேயே அரை.

அதே எண்ணெயில் ஒரு கை பாதாம், ஒரு கை நிலக்கடலை, ரெண்டு ஸ்பூன் உலர்திராட்சை (குண்டாக உப்பி வரும், பார்க்கவே நன்றாக இருக்கும்), நேந்திரம் மாதிரியான பெரிய வாழைப்பழத்தில் பாதி, ஒரு பழைய சோள ரொட்டி, அதாவது தோர்த்தியா, ஒரு துண்டு ரொட்டி, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பொரித்து எடு. கால் கப் எள்ளை வெறும் சட்டியில் வறு, படபடவென்று தெறிக்கும், பொன்னிறம் வந்தால் போதும். எதற்கெடுத்தாலும் முன்னால் வந்து நிற்கிற ஆளை இங்கே "எல்லா மோலேயிலும் இருக்கிற எள்" என்பார்கள். உன் அப்பாவைத் தோஞா அப்படித்தான் சொல்வார். மூன்று தக்காளி, பாதி வெங்காயம், நாலு பல் பூண்டு, இவை மட்டும் எண்ணெய் இல்லாமல் கல்லில் கரும்புள்ளி விழும்வரை சுட்டது. கிராம்பு ரெண்டு, மிளகு நாலு, பட்டை ஒரு விரல் நீளம். அதற்குமேல் மசாலா போடாதே, உன் கை எனக்குத் தெரியும்.

தோஞா கல்யாணம், திருவிழா என்றால் மிக்ஸியைத் தொட மாட்டார். வறுத்ததை எல்லாம் வாளியில் போட்டு, தெருக்கோடி மொலீனோவுக்கு, அதுதான் அரவை மில்லுக்கு, அதைத் தூக்கிக்கொண்டு வரும்படி அப்பாவிடம் சொல்வார். நம் ஊரில் மிளகாய்த்தூள் அரைக்க மில்லுக்குப் போய் வரிசையில் நிற்பது மாதிரியேதான், முன்னால் அரைத்தவர் மசாலா நம்முடையதில் கலந்துவிட்டது என்ற சண்டை உட்பட. இறந்தவர்கள் நாளுக்கு முந்தின வாரம் அந்தத் தெருவே மணக்கும்.

உனக்கு மிக்ஸி போதும். மிளகாயைத் தனியாக அரைத்து வடிகட்டு. குவாஹியோ தோல் அரைபடாமல் திப்பியாக நிற்கும், வடிகட்டாமல் விட்டால் பல்லில் மாட்டும். மீதி எல்லாம் சேர்த்து இன்னொரு விழுது.

அடிகனமான பெரிய சட்டியில் கொழுப்பைச் சூடாக்கு. இங்கே பன்றிக்கொழுப்புதான், ருசியும் அதில்தான், நான் எண்ணெயில் செய்வேன், தோஞா இன்றுவரை அதை மன்னிக்கவில்லை. மிளகாய் விழுதை ஊற்றும்போது தள்ளி நில், சுவர் வரைக்கும் தெறிக்கும். பத்துப் பதினைந்து நிமிஷம் கிளறினால் நிறம் இறங்கிக் கெட்டியாகும், அப்புறம் அடுத்த விழுது, அப்புறம் கோழித் தண்ணீர் ஒன்றரை லிட்டர் வரை, கொஞ்சம் கொஞ்சமாக. தீயைக் குறைத்து ஒரு மணி நேரம். ரொட்டியும் எள்ளும் அடியில் போய்ப் பிடிக்கும், மரக்கரண்டியால் அடியைத் துழாவிக்கொண்டே இரு, போனை வேறு அறையில் வைத்துவிடு. மேலே எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும், கரண்டியில் படிந்து நிற்க வேண்டும். இந்தப் பதம் மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சாக்லேட்டைக் கடைசியில் போடு, சூடான பானத்துக்கு வாங்குகிற வட்டமான சாக்லேட் வில்லை ஒன்றில் பாதிக்கும் குறைவாக. மோலே என்றால் சாக்லேட் குழம்பு என்று உன் ஆபீஸில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போ. உப்பு, தேவைப்பட்டால் ஒரு ஸ்பூன் சர்க்கரை. தனியாக வெந்த கோழித் துண்டுகளை இதில் பத்து நிமிஷம் விட்டு, மேலே எள் தூவி, தக்காளி போட்ட சிவப்புச் சோற்றோடு சாப்பிடு.

பள்ளியில் உங்களைச் சாந்தா ரோசா மடத்துச் சமையலறைக்குக் கூட்டிப்போனார்களே, சுவரெல்லாம் தலவெரா என்கிற வண்ணப் பீங்கான் ஓடு பதித்தது, அங்கேதான் ஒரு கன்னியாஸ்திரி மோலேயைக் கண்டுபிடித்தார் என்று சொன்னதை நீ வந்து ஒப்பித்தாய். எனக்கு அந்தக் கதையில் எப்போதுமே நம்பிக்கை இல்லை. மோலி என்பது இங்கத்திய பூர்வகுடிகளின் நாவா மொழியில் குழம்புக்கே பேர், ஸ்பானியர் வருவதற்கு முன்னாலேயே மிளகாயை மெதாத்தே என்கிற அம்மியில் அரைத்துக் குழம்பு வைத்தவர்கள் அவர்கள். பாதாமும் பட்டையும் எள்ளும் பிறகு கப்பலில் வந்து சேர்ந்தது, சரி. ஆனால் அந்த மடத்தில் முட்டி போட்டு அரைத்தது யார் என்று யாராவது சொல்கிறார்களா?

முதல் நாளே செய்து வை, மறுநாள்தான் ருசி. ரெண்டு பேருக்கு அளவு கேட்டாய். இது எட்டுப் பேருக்கு. ரெண்டு பேருக்கு மோலே செய்ய முடியாது, மிக்ஸியின் பிளேடுகூட நனையாது. மீந்ததை டப்பாவில் போட்டு உறையவை, காலையில் தோர்த்தியாவை அதில் முக்கி முட்டையோடு சாப்பிடு.

அந்த ரெண்டாவது ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. அப்பாதான் கேட்கச் சொன்னார். நான் கேட்கமாட்டேன். கடலை, பாதாம், எள் இதில் ஏதாவது ஒத்துக்கொள்ளாத உடம்பா என்று மட்டும் சனிக்கிழமைக்குள் நீ அவர்களிடம் கேட்டுக்கொள்.

அம்மா