காம்ப்ளிமென்ட் பாடம்: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புத் தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. கால் வலி குறைந்து, மறுபடியும் நின்றபடியே பாடம் எடுக்கிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பேத்தி பேச ஆரம்பித்திருக்கிறாள், நிறுத்தத்தான் தெரியவில்லை. சரி, நீ பக்கம் பக்கமாகப் புலம்பியிருக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

ஆங்கில இலக்கண வகுப்பில் உன் பிள்ளைகள் வினைக்குப் பின்னால் பெயர்ச்சொல் வந்தாலே 'ஆப்ஜெக்ட்' (செயப்படுபொருள்) என்று எழுதிவிடுகிறார்கள், சப்ஜெக்ட் காம்ப்ளிமென்ட், அதாவது எழுவாய் யார், என்ன, எப்படி என்று சொல்கிற சொல், மண்டையில் ஏறவே இல்லை என்கிறாய். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. வினையை வைத்து 'என்ன, யாரை' என்று கேள், வருகிற பதில்தான் ஆப்ஜெக்ட் என்று கீழ்வகுப்பில் சொல்லிக்கொடுத்தாயிற்று. 'ஷீ பிகேம் எ டாக்டர்' என்பதிலும் 'என்ன ஆனாள்?' என்று கேட்டால் பதில் வருகிறதே! விதியைச் சரியாகப் பிடித்துக்கொண்டுதான் தப்பாக எழுதுகிறார்கள்.

அதனால் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்: வாக்கியத்தில் எத்தனை பேர்? 'ஷீ மெட் எ டாக்டர்' என்றால் இரண்டு பேர், அதனால் ஆப்ஜெக்ட். 'ஷீ பிகேம் எ டாக்டர்' என்றால் ஒரே ஆள், அதனால் காம்ப்ளிமென்ட். இரண்டையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டுச் சும்மா நில், அவர்களே கண்டுபிடிப்பார்கள். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று 'ஷீ ஹர்ட் ஹெர்செல்ஃப்' என்று மடக்கும். அதில் ஒரே ஆள்தான், ஆனாலும் அது ஆப்ஜெக்ட். 'செல்ஃப்' வருகிற வாக்கியங்களில் இந்தக் கணக்கு செல்லாது என்று சொல்லிவிடு.

எழுவாயையும் காம்ப்ளிமென்டையும் இணைக்கிற வினைகளின், அதாவது லிங்கிங் வெர்ப்களின், பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடே இல்லை. பீ, பிகம், சீம் மூன்றும் பெரும்பாலும் தொல்லை தராது. லுக், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், க்ரோ எல்லாம் இரண்டு பக்கமும் விளையாடும். 'ஹி ஸ்மெல்ட் த மில்க்' என்பதில் மோந்து பார்க்கிற வேலை நடக்கிறது. 'த மில்க் ஸ்மெல்ட் சவர்' என்பதில் பால் ஒரு வேலையும் செய்யவில்லை. அந்த வினையை எடுத்துவிட்டு 'வாஸ்' போட்டுப் பார்க்கச் சொல். 'த மில்க் வாஸ் சவர்' நிற்கும். 'ஹி வாஸ் த மில்க்' என்றதும் வகுப்பே சிரிக்கும், அப்புறம் மறக்காது.

இதெல்லாம் எதற்கு என்று ஒருவன் கேட்டிருக்கிறானாமே, நல்ல கேள்வி. 'ஹி லுக்ட் ஆங்ரி', 'ஹி லுக்ட் ஆங்ரிலி அட் தெம்' இரண்டையும் அவனிடமே கொடு. முதலாவதில் கோபம் ஆளின் தோற்றத்தைச் சொல்கிறது, அடுத்ததில் பார்த்த விதத்தை. காம்ப்ளிமென்ட் புரிந்தவன் 'த ஃப்ளவர் ஸ்மெல்ஸ் ஸ்வீட்லி' என்று எழுதத் தயங்குவான், 'ஸ்வீட்' என்று எழுதுவான்.

படம் போடப் பிடிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. அமெரிக்காவில் ரீட், கெல்லாக் என்ற இருவர் 1877-இல் கொண்டுவந்த வாக்கியப் படம் உண்டு. படுக்கைக் கோட்டின்மேல் சப்ஜெக்ட், வினை; ஆப்ஜெக்டுக்கு முன்னால் செங்குத்துக் கோடு; காம்ப்ளிமென்டுக்கு முன்னால் சப்ஜெக்ட் பக்கம் சாய்ந்த கோடு. சொல் யாரைச் சேர்ந்தது என்பதை அந்தச் சாய்வே காட்டிவிடும். நான் பேசி விளக்குவதைவிட அது நன்றாக விளக்குகிறது.

'ஷீ இஸ் இன் த கார்டன்' மாதிரி வாக்கியங்களை மட்டும் இப்போதைக்குத் தொடாதே. அது காம்ப்ளிமென்டா, அட்வெர்பியலா (எங்கே, எப்போது, எப்படி என்று சொல்கிற பகுதி) என்பதில் இலக்கணக்காரர்களே ஒத்துப்போவதில்லை. தேர்விலும் வேண்டாம். 'இட் இஸ் ஐ'யா, 'இட் இஸ் மீ'யா என்ற சண்டையும் மேல்வகுப்புக்குப் போகட்டும்.

பிள்ளைகள் சொந்தமாக எழுதுகிற வாக்கியங்களில் விவகாரமானவற்றைத் திருத்தாமல் அப்படியே அனுப்பு. படிக்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உன் தோழி