சுண்டக்கறி வைப்பது எப்படி என்று மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேளச்சேரியில் நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, அரை முட்டைக்கோசையும் இரண்டு கரண்டி சாம்பாரையும் முந்தின நாள் வறுத்த உருளைக்கிழங்கையும் குப்பையில் போட்டுவிட்டு, வெறும் ரொட்டியைத் தின்று படுத்துக்கொண்டதாகச் சொன்னாய். உன்னைக் கடிந்துகொள்வதற்காக நான் எழுதவில்லை. எடின்பரோ குளிரில் நடந்து வீடு திரும்புகிறவளுக்குச் சூடாக ஒரு கிண்ணம் குழம்பு இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. அதற்கு வேண்டியதெல்லாம் அன்றைக்கு உன் அடுக்களையிலேயே இருந்தது.

திருநெல்வேலியில் ஆச்சி வீட்டில் விசேஷம் முடிந்த இரவில், மிஞ்சிய சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் சேர்த்துக் குறைந்த தீயில் சுண்ட வைப்பார்கள். அந்தச் சுண்டக்கறிக்காகவே நாங்கள் மறுநாள் காலையில் சீக்கிரம் எழுந்திருப்போம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் தெருவில் தண்ணீர் நின்று மின்சாரம் போய்விட்டதும், குளிர்சாதனப் பெட்டியில் இருந்தவை கெடுவதற்குள் நான் அதைத்தான் வைத்தேன். மேல்வீட்டாரும் நாங்களுமாக அன்று மாலைக்குள் சட்டியைக் காலி செய்தோம்.

உன்னிடம் மிஞ்சுவது கொஞ்சமாகத்தான் இருக்கும் என்பதால், அதைத் தாங்குவதற்குப் பருப்பு வேண்டும். துவரம்பருப்பு வேகக் குக்கர் தேவைப்படும். மைசூர்ப் பருப்போ ஊற வைக்காமலேயே சாதாரணப் பாத்திரத்தில் 20 நிமிடங்களில் குழைந்துவிடும். அரை கப் பருப்பைக் கழுவி, 2 கப் தண்ணீரும் மஞ்சள்தூளும் ஒரு சொட்டு நல்லெண்ணெயும் விட்டு வேக வை. பாதி வெந்ததும் முட்டைக்கோஸ், கேரட் போன்ற பச்சைக் காய்களைப் போட்டு, அவை மெத்தென்று ஆனபின் ஒன்றரைத் தேக்கரண்டி சாம்பார்த்தூளைச் சேர். சிறு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றுவது அதற்கு அப்புறம்தான். புளிப்பு முந்திக்கொண்டால் பருப்பும் காயும் எவ்வளவு நேரம் கொதித்தாலும் நறுக்கென்றே நிற்கும். தக்காளிக்கும் இதுவே முறை. ஏற்கெனவே வெந்த கிழங்கையும் பழைய சாம்பாரையும் கடைசியில் சேர்த்து, நடுவிலும் குமிழி வரும்படி நன்றாகக் கொதிக்க விட்டபின் தீயைக் குறைத்துச் சுண்ட வை. பழையவற்றில் உப்பு இருப்பதால், சுண்டியபின் ருசி பார்த்துத்தான் உப்புப் போட வேண்டும். கூடிவிட்டால் இன்னும் கொஞ்சம் பருப்பைத் தனியாக வேக வைத்துக் கலந்துவிடு.

கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டுவதை மட்டும் சோம்பல்பட்டு விட்டுவிடாதே. பழைய குழம்பின் மந்தமான வாசனையை மாற்றுவது அந்தத் தாளிப்புத்தான்.

எல்லாவற்றையும் சட்டியில் போட்டுவிட முடியாது. பாகற்காய் மற்ற எல்லாவற்றையும் கசக்க வைத்துவிடும். தயிர் சேர்ந்த மோர்க்குழம்பு கொதித்தால் திரிந்துவிடும். தேங்காய் அரைத்து விட்டது சீக்கிரம் ஊசிப்போகும் என்பதால், முகர்ந்து பார்த்துச் சிறு சந்தேகம் வந்தாலும் கொட்டிவிடு; அதை வீணடித்ததாக நான் நினைக்கமாட்டேன். சோற்று விஷயத்தில் இன்னும் கவனமாக இரு. வடித்த சோற்றை மேசைமேல் இரவெல்லாம் விட்டுவைத்தால் அதில் கிருமி வளர்ந்து நஞ்சு உண்டாகும், அதன்பின் எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே ஆவி அடங்கியதும், இரண்டு மணி நேரத்துக்குள், குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடு. குழம்பையும் அகலமான பாத்திரத்தில் ஆற வைத்து அப்படியே செய். மறுநாள் தின்னும் அளவை மட்டும் எடுத்துச் சூடாக்கு.

இந்த அளவு உனக்கு இரண்டு வேளைக்கு வரும். முதல் வேளை சோற்றோடும், அடுத்த வேளை ரொட்டியைத் தொட்டுக்கொண்டும் சாப்பிடலாம். சட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கழுவி ஊற்றிவிடாதே. அதில் ஒரு பிடி சூடான சோற்றைப் போட்டு, நல்லெண்ணெய் விட்டுப் பிரட்டி எடு. ஆச்சி எனக்கு உருட்டிக் கொடுத்தது அந்தச் சோற்றைத்தான்.

அன்புடன்,
அம்மா