'கவலை வேண்டாம்' என்று எப்படி எழுதினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சட்ட ஆலோசனைப் பகுதியில், மறுவாழ்வு முகாமில் வசிக்கும் இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருவர், உள்ளூர்க்காரரைத் திருமணம் செய்துகொண்டால் தன் நிலை என்னவாகும் என்று கேட்டிருந்தார். 'இந்தியரை மணந்து ஏழு ஆண்டு இங்கே வசித்தால் குடியுரிமை பெறலாம், கவலை வேண்டாம்' என்று இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டீர்கள். முகாம் மக்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர்களிடம் வாராவாரம் வரும் கேள்வி இது. உங்கள் பதிலை நம்பி அந்தப் பெண் ஏழு ஆண்டு காத்திருந்தால், அதற்கு யார் பொறுப்பு?

நீங்கள் காட்டிய விதி குடியுரிமைச் சட்டம் 1955-இன் 5(1)(சி) பிரிவில் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவின் வாசலிலேயே, விண்ணப்பிப்பவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனை நிற்கிறது. கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவரும், முறையாக விசாவில் வந்து காலம் முடிந்த பின்னும் தங்கியவரும் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறிகளே. 1983-க்குப் பிறகு படகில் ராமேசுவரம் கரைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் கையில் கடவுச்சீட்டு இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாததா? கணவர் இந்தியர் என்பதால் இந்தத் தடை விலகாது. ஏழு ஆண்டானாலும் எழுபது ஆண்டானாலும் விலகாது. 2025 செப்டம்பரில் வந்த விலக்கு ஆணையைச் சிலர் சுட்டிக்காட்டக்கூடும். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்துதான் அது விலக்குக் கொடுத்தது. குடியுரிமை கொடுக்கவில்லை.

பிள்ளைகளைப் பற்றி உங்கள் பதிலில் ஒரு சொல்கூட இல்லை. எனக்கு அதிகம் வலித்தது அதுதான். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை இங்கே பிறந்த குழந்தைக்குத் தாய் தந்தையரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு அது போதாது. ஒருவர் இந்தியராக இருப்பதோடு, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும். ஆகவே முகாம் தாய்க்கும் இந்தியத் தந்தைக்கும் பிறந்த பிள்ளைகளில் 2003-இல் பிறந்த அண்ணன் இந்தியன், 2006-இல் பிறந்த தங்கை அப்படி இல்லை. தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தும் பயனில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 5(4) பிரிவில் ஒரு வழி இருக்கிறது. சிறப்புச் சூழ்நிலை இருப்பதாக மத்திய அரசு கருதினால் எந்தச் சிறாரையும் குடிமகனாகப் பதியலாம். அதற்குப் பிள்ளைக்கு 18 வயது ஆவதற்குள் மனுப் போட வேண்டும். இதை ஒரு வரி எழுதியிருந்தால் எத்தனையோ வீடுகளுக்கு உதவியிருக்கும்.

முறையான விசாவில் வந்து இங்கே மணம் முடித்தவர்களுக்கும் உங்கள் பதில் உதவாது. திருமணம் விசாவை நீட்டித்துத் தராது. சுற்றுலா விசாவில் வந்தவர் திருமணத்தைப் பதிவு செய்து, விசா முடிவதற்கு முன்பே, பதிவுச் சான்றிதழோடு வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழி விண்ணப்பித்து, இந்தியரை மணந்தவர் தொடர்ந்து தங்க உதவும் நுழைவு விசாவாக மாற்றிக்கொள்ள வேண்டும். கோயிலில் தாலி கட்டிய புகைப்படம் அங்கே செல்லாது. 'கல்யாணம்தான் ஆகிவிட்டதே' என்று விசாவைக் காலாவதியாக விட்டவர்கள் மேலே சொன்ன அதே தடையில் போய் விழுகிறார்கள்.

ஏழு ஆண்டுக் கணக்கும் நீங்கள் எழுதிய அளவுக்கு எளிதல்ல. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதம் முழுவதும் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். அதற்கும் முந்தைய எட்டு ஆண்டில் மொத்தம் ஆறு ஆண்டு இருந்திருக்க வேண்டும். பிரசவத்துக்குத் தாய்வீடு போய் மூன்று மாதம் தங்கி வந்தவருக்கு அந்த 12 மாதக் கணக்கு உடைந்துவிடும். தக்க காரணம் காட்டினாலும் மத்திய அரசு தளர்த்தக்கூடியது 30 நாள்தான். பிறகு படிவம் 3-ஐ இணையத்தில் நிரப்பி, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, தங்கும் அனுமதி, துணைவர் இந்தியர் என்பதற்கான சான்று, திருமணப் பதிவுச் சான்று ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். உள்துறை அமைச்சகத்தின் ஏற்புக் கடிதம் வரும்வரை சொந்த நாட்டுக் குடியுரிமையை யாரும் துறந்துவிடக் கூடாது. அவசரப்பட்டுத் துறந்தவருக்கு இரண்டு நாடுமே இல்லாமல் போகும்.

இது முதல் தடவையும் இல்லை. இந்திய வம்சாவளி வெளிநாட்டினருக்கும் இந்தியரை மணந்த வெளிநாட்டினருக்கும் கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டையை 'இரட்டைக் குடியுரிமை' என்று முன்பு எழுதினீர்கள். அதில் வாக்குரிமை கிடையாது, விளைநிலம் வாங்க முடியாது. திருமணத்தைப் பதிவு செய்து இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்ததற்காகப் பெற்ற அட்டை, விவாகரத்தானால் ரத்தாகலாம். அப்போது அனுப்பிய மறுப்பு வெளிவரவில்லை. 2019-இல் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பற்றி வாரக்கணக்கில் விவாதித்தீர்கள். அந்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்காமல் விட்டதால் இங்குள்ள முகாம்களில் என்ன நடக்கும் என்று கேட்க உங்களுக்கு ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை. பல ஆண்டுகளாகக் காசு கொடுத்து உங்கள் இதழை வாங்கும் முகாம் வாசகர்கள் இருக்கிறார்கள் என்பதையாவது நினைவில் வையுங்கள்.

அடுத்த இதழில் அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். சட்டவிரோதக் குடியேறி என்ற தடையும், 2004 டிசம்பர் 3 என்ற தேதியும், 5(4) பிரிவும் அதில் இருந்தால் போதும். கேள்வி கேட்ட பெண்ணின் முகவரி உங்களிடம் இருக்குமானால், திருத்தத்தின் நகல் ஒன்றைத் தபாலில் அவருக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ராமநாதபுரம் மாவட்டம்