மர நிழலைத் தெருவாரியாகக் கணக்கிடுக

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரு நகரில் எத்தனை மரங்கள் உள்ளன என்ற கணக்கு வெளியாகும்போதெல்லாம், அவை எந்தத் தெருக்களில் நிற்கின்றன என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது. நகரம் முழுவதற்குமான சராசரி, வசதி படைத்தோர் பகுதியின் அடர்ந்த நிழலையும் கூலித் தொழிலாளர் நெருங்கி வாழும் பகுதியின் சுட்டெரிக்கும் வெயிலையும் ஒன்றாகக் கலந்து மறைத்துவிடுகிறது.

இந்த ஏற்றத்தாழ்வு தானாக விளைந்ததன்று. அமெரிக்காவில் 1930களில் அரசு சார்ந்த வீட்டுக்கடன் நிறுவனம், பெரும்பாலும் கறுப்பின மக்களும் குடியேறிகளும் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பிட்டு, கடன் கொடுக்க ஏற்றவையல்ல என்று ஒதுக்கியது. 108 நகரங்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, முதலீடும் மரங்களும் குறைந்துபோன அப்பகுதிகளின் தரைப்பரப்பு மற்ற இடங்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ 2.6 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறுவதைக் காட்டியது. வரைபடம் தீட்டியவர்கள் மறைந்த பின்னும் அந்த வெப்பம் அங்கேயே இருக்கிறது.

தாரும் கான்கிரீட்டும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் உமிழ்வதால், குளிர்சாதன வசதியில்லாத வீடுகளில் உறங்க வேண்டிய நேரத்திலும் இதயம் ஓயாமல் கூடுதலாக உழைக்கிறது. முதியோரும் இதய நோயாளிகளும் முதலில் வீழ்கின்றனர். 93 ஐரோப்பிய நகரங்களைப் பற்றி 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, 2015 கோடையில் நகரங்களில் தேங்கிய கூடுதல் வெப்பத்தால் ஏறத்தாழ 6,700 பேர் உரிய காலத்துக்கு முன் இறந்தனர். மரநிழல் 30 விழுக்காட்டுப் பரப்பை எட்டியிருந்தால், அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பிழைத்திருப்பர்.

நெதர்லாந்தைச் சேர்ந்த நகர்ப்புற மரவளர்ப்பு வல்லுநர் சேசில் கொனைனெண்டைக் முன்வைத்த 3-30-300 விதி எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று மரங்கள் தெரிய வேண்டும். ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலும் 30 விழுக்காடு நிழல் வேண்டும். 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா வேண்டும். நகரின் மொத்தக் கணக்கில் தொடங்காமல் ஒருவருடைய சன்னலில் தொடங்குவதே இதன் சிறப்பு.

மரக்கன்று நடும் விழாக்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆயினும், முதல் சில ஆண்டுகள் தண்ணீர் ஊற்ற ஆளில்லாத கன்று பட்டுப்போகும். முதிர்ந்த மரத்தை வெட்டிவிட்டு நடப்படும் பத்துக் கன்றுகள், இன்று அந்தத் தெருவில் நடப்பவருக்கு நிழல் தரா. மேலும், வீடுகள் தெருவை ஒட்டியே நிற்கும் பகுதிகளில் வேர்விட மண்ணே இல்லை. வாகன நிறுத்தங்களிலும் பள்ளி வளாகங்களிலும் இடம் ஒதுக்கினாலன்றி அங்கே மரம் வளராது.

ஆகவே, உள்ளாட்சி அமைப்புகள் ஆண்டுதோறும் நிழற்பரப்பைத் தெருவாரியாக வெளியிட வேண்டும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையோடு, மூன்றாண்டுகளுக்குப் பின் உயிரோடிருப்பவற்றின் எண்ணிக்கையையும் அறிவிக்க வேண்டும். நிழல் மிகக் குறைந்த தெருக்களுக்கே முதல் நிதியை ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்