வில்வித்தைச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் போய்ச் சேரும். நீல டிக் விழுந்தாலே போதும் என்று இருக்கிறேன்.

மே விடுமுறையில் சிறுவர் பயிற்சி முகாம் நடந்தது. ஆயுத பூஜைக்கு வில், அம்புகளுக்குப் பொட்டு வைத்து, பொரியும் சுண்டலும் வழங்கினோம். குடியரசு தினத்தன்று கொடியேற்றினோம். ஏற்காட்டில் நடக்க இருந்த மலைப் போட்டி மழையால் தள்ளிப்போனது. இன்னும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. செயற்குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆள், சேர்ந்த கூட்டங்கள் குறைவு.

இனி, மரத்தில் நாமே அம்பு செய்யும் அம்புப் பட்டறை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "கார்பன் அம்பு காசு கொடுத்தால் கிடைக்கிறது, எதற்கு இந்த வெட்டி வேலை?" என்று போன பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். கேட்டவர் இன்று வரவில்லை, இருந்தாலும் பதில் பதிவாகட்டும். நம் விதிமுறைப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே மரபு வில்வித்தை என்றுதான் இருக்கிறது. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் லாங்போ (நெடுவில்) பிரிவிலும் மரக் குச்சியும் பறவை இறகும்தான் செல்லும். அப்புறம் நாம் மட்டும் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

மரம் பிடிப்பதே பெரும்பாடு. ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் கிடைக்குமே என்று ஆசைப்பட்டோம். கிடைத்த பலகைகளில் ரேகை நேராக ஓடவில்லை. ரேகை பாதியில் பக்கவாட்டில் வெளியேறும் குச்சி, நாணை விடும் வேகத்தில் முறிந்து கையிலேயே பாயக்கூடும். அதில் சமரசம் கிடையாது. கடைசியில் மரக்கடைகளில் பைன் பலகை பார்த்தோம். ஒவ்வொரு பலகையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் ஒரு கடைக்காரர், "என்ன சார், பொண்ணு பாக்கறீங்களா?" என்றே கேட்டுவிட்டார். சட்டமாக அறுத்து, மூலைகளை இழைப்புளியால் சீவி எட்டுப் பட்டையாக்கி, உப்புத்தாளில் உருட்டினால் 9 மில்லிமீட்டருக்குச் சற்று உள்ளே உருண்டைக் குச்சி வரும்.

வந்த குச்சியெல்லாம் அம்பாகிவிடாது. 26 அங்குல இடைவெளியில் இரண்டு முட்டு வைத்து, அதன்மேல் குச்சியைக் கிடத்தி, நடுவில் 2 பவுண்டு எடை, அதாவது 907 கிராம், தொங்கவிட வேண்டும். அரை அங்குலம் தொய்ந்தால் அது 52 பவுண்டு பல வில்லுக்கான குச்சி. 0.65 அங்குலம் தொய்ந்தால் 40. நாணை விட்டதும் அம்பு வில்லைச் சுற்றி நெளிந்துதான் வெளியேறும். அதனால் வில்லின் பலத்துக்குத் தோதான தொய்வு வேண்டும். விறைப்பு கூடினால் வலது கைக்காரருக்கு இடப்பக்கம் விலகும், தளர்ந்தால் வலப்பக்கம். "நமக்கு இந்தக் குறி சரிவராது" என்று நின்றுவிட்ட சிலர் அம்பைத்தான் மாற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

இறகுக்கு நாமக்கல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று எல்லோரும் யோசனை சொன்னார்கள். யோசனைக்கு நம் சங்கத்தில் பஞ்சமே இல்லை. முட்டைக்கோழி இறகு இதற்கு ஆகாது, வான்கோழியின் சிறகு இறகுதான் விறைத்து நிற்கும். ஓர் அம்புக்கு மூன்று இறகும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வர வேண்டும். இடதையும் வலதையும் கலந்தால் ஒன்று சுழற்ற மற்றொன்று தடுக்கும். இறகின் முன்முனை கையைக் கீறாமலிருக்க அம்மாபேட்டைத் தறிக்கார நண்பர் கொடுத்த பட்டு நூல் மிச்சத்தால் சுற்றிக் கட்டுகிறோம்.

அம்பில் போடும் வண்ண வளையங்களை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கவும். இறகு ஒட்டுவதற்கு முன்பே ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை பூசிக் காயவைத்துவிடுகிறோம். பழைய தையல் மெஷின் மோட்டாரில் அம்பைச் சுழலவிட்டு, தூரிகை நுனியை அசையாமல் தொட்டால் வளையம் விழும். மூச்சைப் பிடித்துக்கொண்டால்தான் மெல்லிய கோடு வரும். மழை நாளில் அரக்குப் பாலிஷ் மட்டும் அடிக்கவே கூடாது, வெளுத்துப் பூத்துவிடும். ஆளுக்கொரு நிற வரிசை கொடுத்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினோம். கறுப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று எதைச் சேர்த்தாலும் ஏதாவதொரு கட்சிக் கொடியில் போய் முடிந்தது. இதைத் தீர்க்க இரண்டு கூட்டம் போட வேண்டியதாயிற்று. அவற்றுக்கு மட்டும் கோரம் நிரம்பி வழிந்தது.

பங்குனியில் வேலிக்கு அந்தப் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒரு கட்டு அம்பைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனார். முன்பென்றால் யாருடையது என்றே தெரியாது, சங்கம்தான் மன்னிப்புக் கேட்கும். இம்முறை வளையத்தைப் பார்த்தோம், பதிவேட்டைப் புரட்டினோம். பாதிக்கு மேல், சந்தா கேட்டால் "நான் பயிற்சிக்கே வர்றதில்லையே" என்று சொல்லும் உறுப்பினர்களுடையவை. ஆக, வருகிறார்கள், செயலாளர் இல்லாத நேரம் பார்த்து வருகிறார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை. நீலம், வெள்ளை, நீலம் வைத்திருப்பவருக்குத் தெரியும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவு வர வேண்டிய அளவு வரவில்லை, செலவு மட்டும் குறையில்லாமல் நடந்தது. பட்டறைக்கான செலவில் ஒரு பகுதி இன்னும் என் கணக்கில்தான் நிற்கிறது. அதை இந்தச் சபையில் பெரிதுபடுத்தவில்லை. 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி கணக்கை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குள் பாக்கிகள் வந்தால் நமக்கே கௌரவம்.

தலைவருக்கும், செயற்குழுவுக்கும், தறிக்கார நண்பருக்கும், பொறுமை காத்த மாந்தோப்புக்காரருக்கும் நன்றி.

பட்டறை இப்போது என் வீட்டு கார் ஷெட்டில் நடக்கிறது. வார்னிஷ் வாடை தாங்காமல் வீட்டில் கெடு வைத்துவிட்டார்கள். உறுப்பினர்களில் யாரிடமாவது ஒழுகாத காலி அறை இருந்தால் மழைக்கு முன் சொல்லவும். செயலாளர் பதவிக்கு மறுபடி நிற்கும் எண்ணம் எனக்கு இல்லை. சபை வற்புறுத்தினால் அப்போது பார்க்கலாம். அடுத்த கட்டு அம்புகள் வெள்ளை பூசிக் காய்கின்றன. சந்தா ரசீது காட்டுகிறவர்களுக்கு முதலில் வளையம் போடப்படும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு டீ மேஜைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஜிபேயும் உண்டு.