டைனி டிம்மும் யுகுலேலேயும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிதார் போன்ற சின்ன நான்கு நரம்புக் கருவியான யுகுலேலே என்றாலே சிரிப்பு வாத்தியம் என்ற எண்ணம் அமெரிக்காவில் வேரூன்ற, அந்நாட்டுப் பாடகர் டைனி டிம் ஒரு முக்கியக் காரணம். 1968-இல் தொலைக்காட்சியில் தோன்றினார். நீண்ட சுருட்டை முடி, காகிதப் பை, அதற்குள்ளிருந்து சின்னதாக ஒரு யுகுலேலே. கீச்சுக் குரலில் பாடி, பார்வையாளர்களை நோக்கி முத்தங்களைப் பறக்கவிட்டார். நாடே சிரித்தது. அடுத்த ஆண்டு தொலைக்காட்சியிலேயே நடந்த அவர் திருமணத்தைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அப்புறம் பல காலம் யாராவது அந்தக் கருவியைக் கையில் எடுத்தாலே அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. 1879-இல் போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து ஹவாய்க்கு வந்த போர்ச்சுகீசியத் தச்சர்கள் கொண்டுவந்த சிறு நரம்புக் கருவியிலிருந்து பிறந்தது யுகுலேலே. ஹவாய் மன்னர் கலாகௌவா தன் அரண்மனை விழாக்களில் ஒலிக்கவைத்த கருவி அது.

ஆனால் டைனி டிம்மைக் கோமாளி என்று ஒதுக்குவதும் நியாயமில்லை. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் மறந்துபோன பாடல்களை அவர் அத்தனை அன்போடு மனப்பாடமாக வைத்திருந்தார். அந்தக் குரல் கேலிக்காகப் போட்டதல்ல. 1996-இல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் மேடையில் பாடிக்கொண்டிருந்தபோதுதான் மாரடைப்பு வந்து மறைந்தார்.

இப்படிக்கு,
ஒரு யுகுலேலே மாணவர், சென்னை